டி3, டி4, டிஎஸ்ஹெச்: மூன்றும் எப்போதும் தேவையா? தைராய்டு பரிசோதனைகளை அளவோடு எழுதுவது பற்றி

தமிழ்நாட்டில் எந்த லேபுக்குப் போய் "தைராய்டு டெஸ்ட்" என்று கேட்டாலும் டி3, டி4, டிஎஸ்ஹெச் என மூன்று எண்கள் அச்சிட்ட தாள்தான் கைக்கு வரும். முதல் இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள், மூன்றாவது அவற்றைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். மருத்துவர் சீட்டில் "தைராய்டு" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதியிருந்தாலும் அதே மூன்றுதான். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களிலும் இந்த மூன்று தவறாமல் இருக்கும். ஆனால் முதன்முறையாகத் தைராய்டு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வரும் பெரும்பாலானோருக்கு டிஎஸ்ஹெச் ஒன்றே போதும். மற்ற இரண்டும் அப்போது புதிதாக எதையும் சொல்வதில்லை. சில நேரம் தவறாகவும் சொல்கின்றன.

தேவையற்ற தைராய்டு பரிசோதனைகளைக் குறைக்கும் முயற்சி பல நாடுகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. மருத்துவர்களுக்குப் பாடம் எடுப்பது, சுற்றறிக்கை அனுப்புவது, படிவத்தை மாற்றுவது, கட்டண விதியை மாற்றுவது என எல்லாமே செய்து பார்க்கப்பட்டன. அந்த அனுபவத்தில் ஒன்று தெளிவாகிறது. இந்தப் பரிசோதனைகள் அறியாமையால் எழுதப்படுவது குறைவு. கையருகே படிவம் எப்படி இருக்கிறதோ, பழைய முடிவு கண்ணில் படுகிறதோ இல்லையோ, அதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. எனவே மாற்ற வேண்டிய இடமும் அதுவே.

டிஎஸ்ஹெச் ஏன் முதலில்?

தைராய்டு சுரப்பி எவ்வளவு ஹார்மோன் சுரக்க வேண்டும் என்று கட்டளையிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் ஹார்மோன்தான் டிஎஸ்ஹெச். இரத்தத்தில் டி4 கொஞ்சம் குறைந்தாலே பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சைப் பல மடங்கு கூட்டிவிடும். ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் ஓடும் டி4) பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் ஏறத்தாழ நூறு மடங்கு வரை ஏறலாம். அதனால் டி4 இன்னும் இயல்பு வரம்புக்குள் இருக்கும்போதே, அந்த மனிதருக்கு அது போதவில்லை என்பதை டிஎஸ்ஹெச் காட்டிக்கொடுத்துவிடுகிறது. டிஎஸ்ஹெச் இயல்பாக இருந்து, பிட்யூட்டரியில் கோளாறும் இல்லையென்றால், தைராய்டு குறைவும் இல்லை, மிகையும் இல்லை என்று நம்பிச் சொல்லலாம்.

டி3 விஷயம் வேறு. உடலில் உள்ள டி3-யில் ஐந்தில் நான்கு பங்கு தைராய்டிலிருந்து நேராக வருவதில்லை. கல்லீரல், தசை போன்ற திசுக்களில் டி4 உடைந்து டி3 ஆகிறது. தைராய்டு தளரத் தொடங்கும்போது உடல் இந்த மாற்றத்தை முடுக்கிவிட்டு டி3-யைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் தைராய்டு குறைவு நன்றாக முற்றிய பிறகும்கூட டி3 இயல்பாகவே இருக்கக்கூடும். தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க டி3 பார்ப்பதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். தைராய்டு குறைவுக்குத் தரப்படும் லெவோதைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவருக்கு டோஸ் சரியா என்று பார்க்கவும் டி3 உதவாது. தேவையற்ற பரிசோதனைகளைக் குறைக்க அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய சூசிங் வைஸ்லி இயக்கத்தில், அடுத்த ஆண்டே ஹார்மோன் நோய் மருத்துவர்களின் எண்டோகிரைன் சங்கம் தன் பட்டியலில் இதைச் சேர்த்தது: லெவோதைராக்ஸின் டோஸைக் கணிக்க டி3 எழுத வேண்டாம்.

நம் ஊர் பேக்கேஜில் வருவது பெரும்பாலும் மொத்த டி3-யும் மொத்த டி4-உம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் ஓடும் டி4-இல் 99 சதவீதத்துக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை செய்வது ஒட்டாமல் இருக்கும் மிகச் சிறு பகுதி மட்டுமே. கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் கொண்ட கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இந்தப் புரதம் கூடும். அப்போது மொத்த டி4-உம் கூடும், ஆனால் தைராய்டு சரியாகவே இருக்கும். நான்கு மாதக் கர்ப்பிணிக்கு மொத்த டி4 சாதாரண அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது இயல்பு. தாளில் அது தடித்த எழுத்தில் "அதிகம்" என்று அச்சாகும். டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பதற்றமே வந்திருக்காது.

ஐந்து சதவீதக் கணக்கு

இயல்பு வரம்பு என்பது நோயில்லாத பலரை அளந்து, இரு முனைகளிலும் 2.5 சதவீதத்தை வெட்டி வகுக்கப்படுவது. ஆக, முழு ஆரோக்கியமான 100 பேரில் 5 பேர் எந்தப் பரிசோதனையிலும் வரம்புக்கு வெளியே நிற்பார்கள். மூன்று பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஏதாவது ஒன்றாவது வரம்பு தாண்டும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கு மூன்று எண்கள் கொண்ட பேக்கேஜை விரித்துக்கொண்டே போனால், "அசாதாரண" முடிவுகள் தாமாகவே பெருகும்.

டிஎஸ்ஹெச்சே ஒரே ஆளிடம் ஏறி இறங்கும் எண். நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குப் போய்ப் பிற்பகலில் தாழும். வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் எடுத்த இரண்டு முடிவுகளுக்கிடையே 40 சதவீதம் வரையான வேறுபாடு வெறும் இயல்பான அலைவாக இருக்கலாம். காலை எட்டு மணிக்கு 4.8, அடுத்த மாதம் மதியம் 3.4 என்று வந்தால் நோய் வந்து போய்விட்டது என்று பொருள் இல்லை. வயது ஏற ஏற டிஎஸ்ஹெச்சின் மேல் வரம்பும் ஏறும். எண்பது வயதானவருக்கு 6 என்பது கவலைப்படும் எண்ணே இல்லை. ஆனால் பெரும்பாலான லேப் தாள்கள் எல்லா வயதினருக்கும் ஒரே வரம்பைத்தான் அச்சிடுகின்றன. உடல் எடை மிகுந்தவர்களுக்கும் டிஎஸ்ஹெச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அது எடையின் விளைவு, எடை குறைந்தால் தானே இறங்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, எடை கூடியதற்குத் தைராய்டுதான் காரணம் என்று மாத்திரை தொடங்குவது அன்றாடம் நடக்கிறது.

உண்மையான தீங்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு குழாய் இரத்தமும் சில நூறு ரூபாயும் பெரிதில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு டிஎஸ்ஹெச் 6.2 என்று வந்து, ஃப்ரீ டி4 இயல்பாக இருந்து, அன்றே 25 அல்லது 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதப்பட்டால், அவர் பல ஆண்டுகளுக்கு நோயாளி ஆகிவிடுகிறார். மறுபரிசோதனை செய்யாமல் தொடங்கியதால், அந்த 6.2 தானாகவே இறங்கியிருக்குமா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது. 10-க்குக் கீழே இலேசாகக் கூடியிருக்கும் டிஎஸ்ஹெச், பின்னர் பார்க்கும்போது பாதிக்கும் மேற்பட்டோரிடம் இயல்புக்குத் திரும்பியிருப்பதைப் பெரிய தரவுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரையால் நன்மை உண்டா என்பதும் சோதிக்கப்பட்டது. 65 வயதைக் கடந்த, இலேசாக டிஎஸ்ஹெச் கூடிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த டிரஸ்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. லெவோதைராக்ஸின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சோர்விலோ மற்ற தைராய்டு அறிகுறிகளிலோ வேறுபாடு இல்லை. மறுபக்கம், டோஸ் மிகுந்துவிட்டால் முதியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் நிச்சயமான ஆபத்துகள்.

நோய்க்குறி இல்லாத எல்லோருக்கும் தைராய்டு பரிசோதிக்கலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2015-இல் ஆதாரம் போதாது என்றது. கனடாவின் குழு 2019-இல், கர்ப்பிணி அல்லாத பெரியவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

இந்தியாவில் தைராய்டு குறைவு அதிகம் என்பது உண்மை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில் 10.95 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பரிசோதிக்கப்பட்ட எல்லோரிலும் 3.47 சதவீதத்தினர் தமக்கு அது இருப்பதை அதுவரை அறியாமலே இருந்தவர்கள். எனவே மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு, விளக்கமில்லாத சோர்வு, கழுத்து வீக்கம், கருத்தரிப்பதில் தாமதம் என்று வருபவருக்கு டிஎஸ்ஹெச் எழுதத் தயங்கவே கூடாது. குறைக்கச் சொல்வது அந்தச் சீட்டை இல்லை.

எங்கே வீணாகிறது?

முதலாவது, மேலே சொன்ன மூன்றெண் பேக்கேஜ். இரண்டாவது, காலம் வருமுன் மீண்டும் எடுப்பது. இதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நல்ல மருத்துவர்களிடமும் நடக்கும் பிழை இது.

டி4-இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 7 நாள். டோஸை மாற்றினால் இரத்தத்தில் டி4 புதிய நிலைக்கு வந்து நிற்க ஐந்து, ஆறு வாரம் ஆகும். பிட்யூட்டரி அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆகவே டோஸ் மாற்றி 6 முதல் 8 வாரத்துக்கு முன் டிஎஸ்ஹெச் பார்த்தால் கிடைப்பது பாதி வழியில் இருக்கும் எண். 50 மைக்ரோகிராம் தொடங்கி இரண்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் 12-இலிருந்து 8-க்கு வந்திருக்கும். "இன்னும் குறையவில்லை" என்று 75 ஆக்கினால், இரண்டு மாதத்தில் அது 0.2-க்குப் போய்விடும். பிறகு குறைப்பு, மறுபடி ஏற்றம். பலருடைய கோப்பில் ஆண்டுக்கு ஆறு, ஏழு பரிசோதனைகள் இப்படித்தான் சேர்கின்றன. டோஸ் நிலைபெற்ற பிறகு, மூன்று மாத இடைவெளியில் இரண்டு முடிவுகள் வரம்புக்குள் இருந்தால், அதன்பின் ஆண்டுக்கு ஒரு டிஎஸ்ஹெச் போதும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, அறிகுறி மாறினாலும் முந்தைய பரிசோதனையிலிருந்து 6 வாரத்துக்குள் மீண்டும் எடுக்க வேண்டாம் என்கிறது.

டோஸ் மாற்றாமலே டிஎஸ்ஹெச் திடீரென ஏறினால், அடுத்த பரிசோதனைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காபிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்கிறாரா? கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி இருக்கிறதா? பல நாள் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முன் சில நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாரா? அப்படியென்றால் ஃப்ரீ டி4 இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும், டிஎஸ்ஹெச் மட்டும் உயர்ந்தே நிற்கும். இந்த மூன்று கேள்விகள் ஒரு பரிசோதனையையும் ஒரு தேவையற்ற டோஸ் ஏற்றத்தையும் தவிர்க்கும்.

மூன்றாவது இடம் வார்டு. நிமோனியா, மாரடைப்பு, அறுவைச் சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று படுத்திருப்பவரின் உடல் தன் இயக்கத்தை அடக்கிக்கொள்ளும். டி3 விழும், நோய் கடுமையாக இருந்தால் டி4-உம் விழும், டிஎஸ்ஹெச்சும் தாழும். ஸ்டீராய்டும் டோபமைனும் டிஎஸ்ஹெச்சை இன்னும் அழுத்தும். தேறி வரும் நாட்களில் டிஎஸ்ஹெச் மேலே எகிறும், 20 வரைகூட. இது தைராய்டு நோய் இல்லை. ஆனால் அட்மிஷன் அன்று சர்க்கரை, கிரியாட்டினின், உப்புச்சத்துகளோடு தைராய்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உண்டு. வந்த முடிவைப் பார்த்து ஒருவருக்கு மாத்திரை, இன்னொருவருக்கு எண்டோகிரைன் மருத்துவரின் ஆலோசனை, மூன்றாமவருக்கு மூன்று நாள் கழித்து மறுபரிசோதனை. புதிதாக வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (தாறுமாறான இதயத் துடிப்பு), காரணம் தெரியாத மயக்கநிலை, உடல் வெப்பம் தாழ்ந்த நிலை, தைராய்டுப் புயல் (தைராய்டு மிகை உயிருக்கே ஆபத்தாகும் நிலை) என்ற சந்தேகம் போன்ற நேரங்களில் மட்டும் உடனே எழுத வேண்டும். மற்றபடி, சந்தேகம் இருந்தால் வீடு திரும்பி ஆறு வாரம் கழித்துப் பார்ப்பதே சரி.

சிறிய வீணடிப்புகளும் உண்டு. தைராய்டைத் தாக்கும் டிபிஓ எதிர்ப்புப் பொருளை இரத்தத்தில் ஒருமுறை பார்த்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு மீண்டும் அளப்பதால் சிகிச்சை மாறாது. கழுத்தில் கட்டியோ வீக்கமோ தட்டுப்படாதபோது, டிஎஸ்ஹெச் மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும் தைராய்டு ஸ்கேன் எடுப்பதும் அப்படியே. அதில் தெரியும் சிறு முடிச்சுகள் புதிய அலைச்சலைத் தொடங்கிவைக்கும்.

எது பலித்தது?

பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி தைராய்டு பரிசோதனைகள், மூன்று கோடி பவுண்டு செலவு என்று 2000-களில் மதிப்பிடப்பட்டது. ஒரே வட்டாரத்தில் உள்ள குடும்ப மருத்துவ மையங்களுக்குள் பரிசோதனை எண்ணிக்கை பல மடங்கு வேறுபட்டது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை அங்குள்ள நோயாளிகளின் தன்மையால் விளக்க முடியவில்லை. வடகிழக்கு ஸ்காட்லாந்தில் 85 குடும்ப மருத்துவ மையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2006-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதிக்கு, மற்ற மையங்களோடு ஒப்பிட்டு நீங்கள் எவ்வளவு எழுதுகிறீர்கள் என்ற வரைபடம் காலாண்டுக்கு ஒருமுறை போனது. இன்னொரு பகுதிக்கு, பரிசோதனை முடிவின் அடியிலேயே ஒரு வரி நினைவூட்டல் அச்சானது. டிஎஸ்ஹெச் உட்பட ஒன்பது பரிசோதனைகளில் இரண்டு முறைகளுமே தனித்தனியாகச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்தன. சிறிய குறைப்புதான். ஆனால் யாரையும் தடுக்காமல், யாரிடமும் சண்டை போடாமல் கிடைத்தது.

ஆஸ்திரேலியா கட்டண விதியைக் கையில் எடுத்தது. அங்கே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பட்டியலில் டிஎஸ்ஹெச் தனி இனம். டி4, டி3 சேர்ந்த பரிசோதனைக்குப் பணம் வர வேண்டுமென்றால் டிஎஸ்ஹெச் வரம்பு தாண்டியிருக்க வேண்டும், அல்லது தைராய்டு நோய்க் கண்காணிப்பு, பிட்யூட்டரி கோளாறு, மலட்டுத்தன்மை போன்ற குறிப்பிட்ட காரணத்தை மருத்துவர் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்ற அந்த ஒரு வரியே ஒரு கணம் யோசிக்க வைக்கிறது.

இத்தகைய 27 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2016-இல் பிஎம்ஜே ஓபன் இதழில் ஒரு மதிப்பாய்வு வந்தது. பெரும்பாலான முயற்சிகள் எண்ணிக்கையைக் குறைத்தன என்றாலும், பல ஆய்வுகள் தரம் குறைந்தவை, முன்–பின் ஒப்பீடு மட்டுமே செய்தவை என்று அது கண்டது. அதனால் "இந்த முறையால் இவ்வளவு குறையும்" என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பாடம் எடுப்பதை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கல், நம் மருத்துவமனைகளின் அமைப்பைப் பார்த்தாலே விளங்கும். வார்டில் சீட்டு எழுதுவது ஹவுஸ் சர்ஜனும் முதுநிலை மாணவரும். அவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறுவார்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஆளே மாறுவார்கள். ஜூனில் எடுத்த வகுப்பு டிசம்பரில் யார் நினைவிலும் இருக்காது. படிவம் மட்டும் அங்கேயே இருக்கும்.

ஒரு மருத்துவமனையில் எப்படித் தொடங்குவது?

முதலில் லேப் கணினியிலிருந்து கடந்த மூன்று மாதப் பட்டியலை எடுக்க வேண்டும். ஐந்து எண்கள் போதும்: மொத்த டிஎஸ்ஹெச் எத்தனை, ஒவ்வொரு 100 டிஎஸ்ஹெச்சுக்கும் டி4 எத்தனை, டி3 எத்தனை, ஒரே நோயாளிக்கு 6 வாரத்துக்குள் திரும்ப எடுத்தவை எத்தனை, உள்நோயாளிகளிடமிருந்து வந்தவை எத்தனை. 100 டிஎஸ்ஹெச்சுக்கு 100 டி3 என்று வந்தால் பேக்கேஜ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 6 வாரத்துக்குள் திரும்பியவற்றில் கர்ப்பிணிகளையும் தைராய்டு மிகைக்குச் சிகிச்சை பெறுபவர்களையும் கழித்துவிட வேண்டும். அவர்களுக்கு அது நியாயமான இடைவெளி.

அடுத்து சீட்டு. "தைராய்டு புரொஃபைல்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு "டிஎஸ்ஹெச் (தேவைப்பட்டால் லேபே ஃப்ரீ டி4 பார்க்கும்)" என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும். ரிஃப்ளெக்ஸ் முறை என்பது இதுதான். டிஎஸ்ஹெச் வரம்புக்குள் இருந்தால் அதோடு நின்றுவிடும். வெளியே போனால் அதே குழாயில் மீதமிருக்கும் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) ஃப்ரீ டி4. டிஎஸ்ஹெச் 0.1-க்கும் கீழே, ஃப்ரீ டி4 இயல்பு என்றால், டி3 மட்டும் கூடும் வகை இருக்கலாம் என்பதால் அப்போதுதான் டி3. நோயாளியை மறுபடி குத்த வேண்டியதில்லை. ஒரு பரிசோதனைக்குச் சில நூறு மைக்ரோலிட்டர் சீரம்கூடத் தேவைப்படாது, வழக்கமான ஜெல் குழாய் ஒன்று தாராளம். சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் மூடிவைத்தால் சில நாள் கழித்தும் சேர்த்துப் பார்க்கலாம். எனவே "பிறகு தேவைப்பட்டால்?" என்ற பயத்தில் முன்கூட்டியே மூன்றையும் எழுத வேண்டியதில்லை.

வரம்பை எங்கே வைப்பது என்பதிலும் இடமுண்டு. 0.4–4.0 என்பதற்குப் பதிலாக 0.2–6.0-ஐத் தாண்டினால் மட்டும் ஃப்ரீ டி4 என்று வைத்தால், அந்தக் கூடுதல் பரிசோதனையில் 34 சதவீதம் குறையும் என்று மேற்கு ஆஸ்திரேலியத் தரவு காட்டியது. அந்த இடைவெளியில் வந்தவர்களுக்கு டி4 பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது. புதிதாகத் தொடங்கும் மருத்துவமனை வழக்கமான வரம்போடு தொடங்கி, ஓராண்டுத் தரவைப் பார்த்துவிட்டு விரிப்பது நல்லது. மருத்துவர்களின் நம்பிக்கை முதலில் கிடைக்க வேண்டும்.

நம் ஊரில் ரிஃப்ளெக்ஸ் முறை சறுக்கும் இடம் பில். நோயாளி டிஎஸ்ஹெச்சுக்கு மட்டும் முன்பணம் கட்டியிருப்பார். லேப் டி4-உம் பார்த்துவிட்டால் மீதிப் பணம் யார் தருவது? இதற்கு ஒரே விலை வைப்பதுதான் வழி. டிஎஸ்ஹெச் 200 ரூபாய், ஃப்ரீ டி4 200 ரூபாய், 100 பேரில் 15 பேருக்கு டி4 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 பேருக்கான 3,000 ரூபாயை 100 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 30 ரூபாய். எல்லோருக்கும் 230 என்று வைத்துவிட்டால் கவுண்டரில் தகராறு இல்லை, யாரும் 400 கட்ட வேண்டியதும் இல்லை.

கணினியில் சீட்டு எழுதும் இடங்களில், முந்தைய டிஎஸ்ஹெச்சின் தேதியும் எண்ணும் எழுதும் திரையிலேயே தெரிய வேண்டும். 6 வாரத்துக்குள் மறுபடி எழுதினால் காரணம் கேட்கும் ஒரு கட்டம் வரலாம். இதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை வந்தால் மருத்துவர்கள் படிக்காமலே மூடப் பழகிவிடுவார்கள். பிறகு மருந்து ஒவ்வாமை எச்சரிக்கையையும் அதே விரல் மூடிவிடும். ஆகவே எச்சரிக்கை ஒன்றே ஒன்று, காரணங்கள் நான்கைந்தாக முன்கூட்டியே எழுதிவைத்தவை, ஒரு தொடுதலில் கடந்து போகக்கூடியவை. காகிதச் சீட்டு மட்டும் உள்ள இடங்களில் நோயாளியின் கோப்பு முன்பக்கத்தில் "கடைசி டிஎஸ்ஹெச்: தேதி, எண், டோஸ்" என்று ஒரு முத்திரை போதும்.

அட்மிஷன் சீட்டில் அச்சாகியிருக்கும் தைராய்டு வரியை அடித்துவிட்டாலே உள்நோயாளிப் பரிசோதனைகள் கணிசமாகக் குறையும். செவிலியர்கள் பழக்கத்தில் எழுதிச் சேர்ப்பதும் உண்டு. எனவே மாற்றத்தை அவர்களுக்கும் இரத்தம் எடுக்கும் டெக்னீஷியனுக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கருவி ஒப்பந்தத்தையும் நிர்வாகம் எடுத்துப் பார்க்க வேண்டும். பல லேப்களில் இயந்திரம் இலவசமாக வந்திருக்கும், பதிலுக்கு மாதம் இத்தனை ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான ரசாயனம்) வாங்கியாக வேண்டும் என்று கையெழுத்து இருக்கும். டி3 எண்ணிக்கை விழுந்தால் அந்த ஒப்பந்தம் இடிக்கும். புதுப்பிக்கும் நேரத்தில் டி3 அளவைக் குறைத்தும் ஃப்ரீ டி4 அளவைக் கூட்டியும் எழுதிக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு அனுப்புவதற்காகத் தரகு பெறுவதை 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நெறிமுறை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. அந்தத் தரகு ஓடும் இடத்தில் எந்தப் படிவ மாற்றமும் நிற்காது. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

கத்தரி படக்கூடாத இடங்கள்

டிஎஸ்ஹெச் மட்டும் போதும் என்ற விதி பிட்யூட்டரி சரியாக இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்பது. பிட்யூட்டரியே கெட்டிருந்தால் டிஎஸ்ஹெச் தாழ்ந்தும் இருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். டி4 மட்டும் விழுந்திருக்கும். ரிஃப்ளெக்ஸ் முறை அவரைத் தவறவிட்டுவிடும். பிட்யூட்டரி கட்டி, தலையில் கதிர்வீச்சு பெற்றவர்கள் பற்றி எல்லோருக்கும் தெரியும். நம் பகுதியில் இன்னும் இரண்டு பேரை நினைவில் வைக்க வேண்டும். பிரசவத்தில் அதிக இரத்தப்போக்குக்குப் பின் பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், ஆண்டுக்கணக்கில் சோர்ந்திருக்கும் பெண். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்து, மாதங்கள் கழித்துச் சோர்வு, இரத்த அழுத்தக் குறைவு, உப்புக் குறைவு என்று வருபவர். அந்த விஷம் பிட்யூட்டரியில் இரத்தக் கசிவையும் திசு அழிவையும் உண்டாக்கக்கூடியது. இவர்களுக்காகச் சீட்டில் "பிட்யூட்டரி சந்தேகம்: டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4-உம் சேர்த்து" என்று தனிக் கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத ரிஃப்ளெக்ஸ் படிவத்தைத் தொடங்கவே கூடாது. இவர்களுக்கு மாத்திரை தொடங்கும் முன் கார்ட்டிசோல் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) பார்க்க வேண்டும் என்பதையும் அதே கட்டத்தின் அருகில் அச்சிடலாம்.

தைராய்டு மிகைக்குக் கார்பிமசோல் தொடங்கியவருக்கு டிஎஸ்ஹெச் மாதக்கணக்கில் அடங்கியே கிடக்கும். அவரிடம் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ஃப்ரீ டி4-உம், தேவைப்பட்டால் டி3-யும்தான் டோஸைச் சொல்லும். தைராய்டு மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கு முதல் பாதிக் கர்ப்பத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் வேண்டும், இங்கே குறைத்தால் பாதிப்பு குழந்தைக்கு. மனநோய்க்கு லித்தியம், இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிறந்த குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் எடுக்கும் துளி இரத்தப் பரிசோதனை, நம் நாட்டில் இன்னும் கூட வேண்டிய ஒன்று. பெரியவர்களின் மூன்றெண் பேக்கேஜில் வீணாகும் ரீஏஜென்ட்டும் ஆள் நேரமும் அங்கே போகலாம்.

எண் நோயாளியோடு ஒத்துப்போகாதபோது, மறுபரிசோதனைக்கு முன் பயோட்டின் என்ற பி வைட்டமினைப் பற்றிக் கேட்க வேண்டும். முடி உதிர்வுக்கு விற்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும். உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பில் இயங்கும் கருவிகளில் இது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகத் தாழ்த்தும், டி4, டி3 இரண்டையும் பொய்யாக உயர்த்தும். தாளைப் பார்த்தால் அசல் தைராய்டு மிகை போலவே இருக்கும். நோயாளிக்கு நடுக்கமோ படபடப்போ எடைக் குறைவோ எதுவும் இருக்காது. இரண்டு நாளாவது அதை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். லேப் தன் கருவி அந்த வகையா என்று சீட்டிலேயே அச்சிடுவது மருத்துவருக்குப் பெரிய உதவி. லெவோதைராக்ஸின் சாப்பிடுபவர் ஃப்ரீ டி4-க்கு இரத்தம் கொடுப்பதாக இருந்தால் அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். விழுங்கிய சில மணி நேரத்துக்கு அந்த எண் கூடுதலாக நிற்கும்.

திட்டம் தொடங்கிய பின் காலாண்டுக்கு ஒருமுறை அதே ஐந்து எண்களை எடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். கூடவே ஆறாவதாக ஒன்றையும் எண்ண வேண்டும்: டிஎஸ்ஹெச் இயல்பு என்று லேப் நிறுத்திய பிறகு, மருத்துவர் கேட்டுச் சேர்த்துப் பார்த்த டி4-களில் எத்தனை உண்மையிலேயே குறைவாக வந்தன என்பது. அந்த எண் ஏறினால் பிட்யூட்டரி கட்டம் சரியாகப் பயன்படவில்லை. வகுப்பை அந்தப் பிரிவில், அந்தக் கட்டத்தைப் பற்றி நடத்த வேண்டும்.